மன்னவனூர்: சேறு காப்பாத்துற ஊர்

ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வார இறுதி. "மச்சி, கொடைக்கானல் போலாமா?"ன்னு ரூம்மேட் கேட்டான். நான் பொறந்து வளர்ந்தது வத்தலக்குண்டு. என்கிட்ட வந்து கொடைக்கானல் போலாமான்னு கேக்கறது, திருநெல்வேலிக்காரன்கிட்ட அல்வா சாப்பிட்டிருக்கியான்னு கேக்கற மாதிரி. சொந்தக்காரங்க யார் ஊருக்கு வந்தாலும் கூட்டிட்டுப் போறது என் தலையில தான் விழும். ஏரி, படகு, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, கடைசியா ஹோம்மேட் சாக்லேட். மஞ்சும்மல் பாய்ஸ் வந்தப்புறம் குணா குகை வேற சேர்ந்துக்கிச்சு.

யோசிச்சுப் பார்த்தா, இத்தனை தடவை போயும் ஏரியைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்லை. பொட்டி தட்டுறவனுக்கு மேப் பார்க்கத் தெரியும்ல? பார்த்தேன். கொடைக்கானலுக்கு மேற்கே ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரைன்னு வரிசையா ஊருங்க. எங்க பக்கத்துல 'மேல்மலை'ன்னு சொல்வாங்க. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் எல்லாம் கீழ்மலை. மேல்மலை பூண்டு எங்க வீட்டு அடுக்களையில எப்பவும் தொங்கும். ஆனா அது விளையுற ஊரைப் பார்த்ததில்லை. சரி, மன்னவனூர் போயிடுவோம்னு முடிவு பண்ணேன். ரூம்மேட் வழக்கம் போல கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டான். நானும் பைக்கும் மட்டும்.

இனிமே கொஞ்சம் வரலாறு வரும், தூங்கிடாதீங்க :-)

கால் புதைஞ்ச கதை

கொடைக்கானல்ல இருந்து மன்னவனூர் சுமார் 35 கி.மீ. பாதி வழியில பூம்பாறை. மலைச்சரிவுல படிப்படியா வெட்டின வயல், நடுவுல ஓடு போட்ட வீடுங்க, குழந்தை வேலப்பர் கோயில். ரோட்டு மேல இருந்து பார்த்தா யாரோ வரைஞ்சு வச்ச மாதிரி இருக்கு. எல்லாரும் அங்க வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடறாங்க. நானும் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் ரொம்ப தூரத்துக்கு ரெண்டு பக்கமும் சவுக்கு மாதிரி நெடுநெடுன்னு மரம். 'என்ன அருமையான காடு'ன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டினேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்புன்னு கீழே சொல்றேன்.

மரம் முடிஞ்சதும் திடீர்னு திறந்துக்குது. சுத்தி மொழுமொழுன்னு புல் மூடின குன்றுகள், நடுவுல கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அதுல ஏரி. உயரம் ஆறாயிரம் அடிக்கு மேல. பைக்கை நிறுத்திட்டு ஏரி ஓரமா போட்டோ எடுக்கலாம்னு பச்சைப் புல் மேல நடந்தேன். நாலாவது அடியில வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே! மேல பார்த்தா புல், கீழே கன்னங்கரேல்னு சேறு. காலை இழுத்தா ஷூ வரலை. அவ்வ்வ்வ்...

பக்கத்துல மாடு மேய்ச்சுக்கிட்டிருந்த பாட்டி ஒருத்தங்க சிரிச்சுக்கிட்டே வந்து கம்பை நீட்டினாங்க. "தம்பி, மாடே அந்தப் பக்கம் போகாது, நீ போறியே"ன்னாங்க. என்னை மாட்டோட ஒப்பிட்டதுல எனக்கு வருத்தம் இல்லை. மாடு ஜெயிச்சிடுச்சேன்னு தான் வருத்தம்.

ஷூவைக் கழுவிக்கிட்டே பேச்சுக் கொடுத்தேன். "இந்தச் சேத்துல என்ன பாட்டி விளையும்?"

"இப்ப ஒண்ணும் இல்ல. எங்க மாமியா காலத்துல பள்ளம் பூரா நெல்லு. ரேஷன் அரிசி வந்தப்புறம் யாரு தம்பி நெல்லு நடுறா? மேட்டுல பூண்டு, கெழங்கு, கேரட்டுன்னு போயிட்டோம். ஆனா இந்தச் சேறு இருந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி."

அந்தக் கடைசி வரி தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஏன்னு வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன்.

சேறு என்ன பண்ணுது?

பழனிமலை மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து கிழக்கே நீட்டின கை மாதிரி. நீளம் சுமார் 65 கி.மீ. மேல்மலையில நிலத்துக்கு மூணு பாகம் உண்டு. குன்றுகளோட மடிப்புல சோலைக்காடு. மேடு பூரா புல்வெளி. பள்ளத்தோட அடியில சதுப்பு. குளிர்ல எதுவும் சீக்கிரம் மக்காது. செத்த புல்லும் வேரும் வருஷா வருஷம் தண்ணிக்குள்ளேயே படிஞ்சு கறுத்துப் போகுது. பஞ்சு மாதிரி ஆயிடுது. மழை பெய்யும்போது குடிக்கும். தை, மாசின்னு மழை நின்னப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விடும். மலை மேல கோடையிலயும் ஓடையில தண்ணி ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம பாஷையில சொன்னா இது ஒரு பஃபர். மேல இருந்து தாறுமாறா வர்ற டேட்டாவை வாங்கி வச்சுக்கிட்டு, கீழே இருக்கறவனுக்கு ஒரே சீரா அனுப்புது. கீழே இருக்கறவன் யாரு? நாம தான். மேல்மலையோட வடமேற்குப் பக்கம் இறங்குற ஓடைங்க அமராவதியில சேருது. தெற்குப் பக்கம் இறங்குறது வைகைக்குப் போகுது. பெரியகுளத்துக்காரங்க குடிக்கிற தண்ணி பேரிஜம் ஏரியில இருந்து தான் வருது.

இந்தச் சேத்துக்கு வயசு எவ்வளவு தெரியுமா? இதே மாதிரி நீலகிரியில இருக்கற சதுப்போட கறுப்பு மண்ணை எடுத்து ஆராய்ஞ்சு, சுகுமாரும் அவரோட கூட்டாளிகளும் 1993ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. இருபதாயிரம் வருஷத்துக் கதை அந்த மண்ணுக்குள்ள அடுக்கடுக்கா இருந்துச்சு. மலை மேல புல் இருந்ததுக்கான தடமும் அதுல இருந்துச்சு. அதாவது மனுஷன் காட்டை வெட்டினதால வந்த புல் இல்லை இது, மனுஷனுக்கு முன்னாடியே இருந்த புல்.

யாரு முதல்ல வந்தாங்க?

கொடைக்கானலோட வரலாறுன்னு எங்க தேடினாலும் 1845ல அமெரிக்க மிஷனரிங்க வந்து ரெண்டு வீடு கட்டினதுல தான் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி அங்க ஈ காக்கா இல்லாத மாதிரி. உண்மை என்னன்னா, 1821ல சர்வே பண்ண வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவிங்கற குன்னுவர் கிராமத்துல இருந்து தான் மேலே ஏறினார். அதாவது 'கண்டுபிடிக்க' வந்தவருக்கே வழியில ஊர் இருந்திருக்கு. அதுக்கும் முன்னாடி போகணும்னா, தாண்டிக்குடி, பெருமாள்மலை, வில்பட்டி பக்கமெல்லாம் கல்திட்டைங்க இருக்கு. செண்பகனூர்ல இருந்த ஆங்கிலேட் பாதிரியார் நியூட்டனோட சேர்ந்து அதையெல்லாம் பதிவு பண்ணி, 1928ல தொல்லியல் துறை புத்தகமா வெளியிட்டது.

மேல்மலையில பெரும்பாலும் விவசாயம் பண்றது குன்னுவர். மன்னாடியார்னும் சொல்வாங்க. தாராபுரம், காங்கேயம் பக்கத்துல இருந்து சில நூறு வருஷத்துக்கு முன்னாடி மலையேறினதா அவங்க சொல்லிக்கறதை 1906ல வந்த மதுரை கெசட்டியர் எழுதி வச்சிருக்கு. கீழே ஓயாத சண்டைங்கறது ஒரு கதை, பஞ்சம்ங்கறது இன்னொரு கதை. விருப்பாட்சி, ஆயக்குடி பாளையக்காரங்க நிலம் கிடைக்க உதவினதாவும் சொல்றாங்க. ரெண்டு கதையிலயும் அவங்க அகதிங்க தான். சமவெளியில வாழ முடியாம, நெல் பயிர் பண்ற அறிவை மட்டும் கையில எடுத்துக்கிட்டு ஏறினவங்க. அந்த அறிவுக்கு ஏத்த இடம் மேலே எங்க இருக்கு? பள்ளத்து ஈரத்துல. சரிவைக் கல்லு வச்சுப் படியாக்கி, ஓடையைப் பிரிச்சு விட்டு, வயலாக்கினாங்க. ஊருங்க எல்லாம் பள்ளத்தை ஒட்டியே இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

இதோட நிறுத்தினா கதை நல்லா இருக்கும். ஆனா அதே கெசட்டியர் அடுத்த வரியில இன்னொண்ணும் சொல்லுது. குன்னுவர் வர்றதுக்கு முன்னாடி அந்த நிலத்துல பயிர் பண்ணிக்கிட்டிருந்தது புலையர். வந்தவங்க அவங்களை நிலத்தை விட்டு வெளியேத்தி, கடைசியில அதே நிலத்துல பண்ணையடிமை ஆக்கினாங்க. பாதிக்கப்பட்டவங்களையே 'சோம்பேறிங்க'ன்னு வேற எழுதியிருக்கார் வெள்ளைக்காரர். நிலம் போனவனுக்குப் பட்டப்பேரும் சேர்ந்து கிடைக்கறது எல்லா ஊர்லயும் நடக்கறது தானே. புலையர் மக்கள் தங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கணும்னு இன்னும் கேட்டுக்கிட்டிருக்காங்க. படிவயலோட அழகைப் போட்டோ எடுக்கும்போது, அந்தக் கல்லைச் சுமந்தது யாருங்கற கேள்வியையும் சேர்த்து எடுத்துக்கணும்.

மூணு சதுப்பு

மேல்மலை சதுப்புகளுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தா, மூணு விதமான தலையெழுத்து.

முதலாவது, நாம படகு ஓட்டுற கொடைக்கானல் ஏரி. நடுவுல ஓடை ஓடிக்கிட்டிருந்த சதுப்பு அது. 1863ல வியர் ஹென்றி லெவிஞ்ச், மதுரையில கலெக்டரா இருந்தவர், ஒரு கரையைக் கட்டி அதை ஏரியாக்கினார். சுமார் 60 ஏக்கர். வெள்ளைக்காரங்களுக்குச் சேறு பிடிக்கலை, தண்ணி பிடிச்சது. தூத்துக்குடியில இருந்து படகு கொண்டுவந்து விட்டாங்க. அந்த ஏரியைச் சுத்தித்தான் ஊரே வளர்ந்துச்சு.

ரெண்டாவது, பேரிஜம். 1860கள்ல அங்க கூடாரம் போட்ட டக்ளஸ் ஹாமில்டன்ங்கற ராணுவ அதிகாரி பார்த்தது பெரிய சதுப்பைத் தான். ஒரு காலத்துல இங்க பிரம்மாண்டமான ஏரி இருந்திருக்கணும்னு எழுதினார். அவர் பேர்ல அந்த இடத்துக்கு ஃபோர்ட் ஹாமில்டன்னு பேரு. கோட்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது, பேரு மட்டும் தான். பின்னாடி அங்கயும் அணை வந்து ஏரியாச்சு.

மூணாவது, மன்னவனூர் மாதிரி ஊருங்களோட பள்ளம். இதை யாரும் சொகுசுக்காக மாத்தலை. வயலா, மேய்ச்சலா, ஊத்தா பயன்படுத்தினாங்க. அதனாலேயே வரலாற்றுப் புத்தகத்துல இதுக்கு ஒரு பக்கம் கூட இல்லை. ஏரி கட்டினவருக்குப் பேரு இருக்கு. சேத்தைச் சேறாவே வச்சுக் காப்பாத்தினவங்களுக்குப் பேரு இல்லை.

பூண்டு இறங்குற பாதை

மேல்மலைக்கும் சமவெளிக்கும் உறவு பூண்டு வழியா தான். சின்னப் பல்லு, காரம் ஜாஸ்தி, ரொம்ப நாள் கெடாது. ரோடு வராத காலத்துல தலைச்சுமையாவும் மட்டக்குதிரை மேலயும் தான் எல்லாம் இறங்குச்சு. பெரியகுளம் பக்கத்துல இருக்கற வடுகபட்டி சந்தையில மலைப்பூண்டு விக்கும். அதே வடுகபட்டி, வைரமுத்துவோட ஊர் தான். 2019ல 'கொடைக்கானல் மலைப்பூண்டு'க்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. பேரு மட்டும் கொடைக்கானல், விளைவிக்கிறது பூம்பாறையும் மன்னவனூரும் கவுஞ்சியும்! நம்ம டீம்ல வேலை பார்க்கறது ஒருத்தன், மெயில்ல பேரு போட்டுக்கறது இன்னொருத்தன் மாதிரி. சரி விடுங்க, சொந்தக் கதை எதுக்கு.

அந்த 'அருமையான காடு'

இப்ப வழியில நான் ரசிச்ச மரத்துக்கு வருவோம். சவுக்கு மாதிரி இருந்தது சவுக்கே இல்லை. வாட்டில், அதாவது சீகை. கூடவே யூகலிப்டஸ், பைன். மூணுமே வெளிநாட்டுச் சரக்கு.

தோல் பதனிட சீகைப் பட்டை வேணும். அது தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்துக்கிட்டிருந்தது. 1946ல, அங்க இருந்த நிறவெறியை எதிர்த்து, தென்னாப்பிரிக்காவோட வணிகத்தை இந்தியா நிறுத்துச்சு. நியாயமான முடிவு, பெருமைப்பட வேண்டிய முடிவு. ஆனா திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர்னு தோல் தொழிலை நம்பி இருந்த ஊர்களுக்குப் பட்டை வேணுமே? நீலகிரியிலயும் பழனிமலையிலயும் புல்வெளியில சீகையை நட்டுத் தள்ளினாங்க. ரேயான் கூழுக்காக யூகலிப்டஸும் சேர்ந்துச்சு. புல்வெளியை 'சும்மா கிடக்கற நிலம்'னு தான் அரசாங்கம் நினைச்சது. மரம் இல்லைன்னா அது தரிசு. மரம் நட்டா புண்ணியம். நாமளும் பள்ளிக்கூடத்துல அதைத்தானே படிச்சோம்.

சீகை, ஒருதடவை நட்டா நிக்காது. விதை மண்ணுல பல வருஷம் தூங்கும், தீ பட்டா முளைக்கும். தானா பரவி சதுப்போட ஓரம் வரைக்கும் வந்துடுச்சு. வேர் விட்டு வருஷம் பூரா தண்ணியை உறிஞ்சும். 1973க்கும் 2014க்கும் நடுவுல எடுத்த செயற்கைக்கோள் படங்களை வச்சு அரசுமணியும் மத்தவங்களும் செஞ்ச ஆய்வு 2018ல வெளிவந்தது. அந்த நாப்பது வருஷத்துல பழனிமலையோட புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு காணாமப் போயிடுச்சு. போன இடத்தைப் பிடிச்சது முக்கியமா மரத்தோட்டமும் விவசாயமும்.

மன்னவனூர் பக்கத்துல இன்னும் புல் குன்றுகள் தெரியறதுக்கு ஒரு காரணம், 1965ல அங்க தொடங்கின மத்திய அரசோட செம்மறியாடு ஆராய்ச்சி மையம். அவங்களுக்கு மேய்ச்சல் வேணும், அதனால புல் வேணும். ஆட்டுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமையில நாம இருக்கோம்.

கடல் தாண்டி அதே தப்பு

இதை நம்ம ஊர்க் கதைன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. இந்தோனேசியாவுல, போர்னியோ தீவோட களிமந்தான் பக்கம், நம்ம மேல்மலைச் சேறு மாதிரியே கறுப்புச் சேறு பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கு. அங்க அது மலை மேல இல்லை, கடலோரத் தாழ்நிலத்துல. மேலே காடு, உள்ளே மீன் பிடிச்சும் பிரம்பு வெட்டியும் பிழைக்கிற தயாக் மக்களோட கிராமங்க. 1990கள் நடுவுல சுகர்த்தோ அரசாங்கம் அங்க பத்து லட்சம் ஹெக்டேர்ல நெல் விளைவிக்கப் போறோம்னு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி சதுப்பை வடிச்சது. நெல் விளையலை. காய்ஞ்ச சேறு கரி மாதிரி ஆச்சு. 1997ல தீப்பிடிச்சு மாசக்கணக்குல எரிஞ்சது, புகை சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் திட்டத்தையே கைவிட்டாங்க.

சதுப்புல நெல் விளைவிக்க முடியும்னு குன்னுவர் கிராமங்க காட்டியிருக்கு. ஆனா அவங்க சதுப்பை வடிக்கலை, அதோட ஓரத்துல ஈரத்தைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. வித்தியாசம் அவ்வளவு தான். ஆனா அது தான் எல்லாம்.

2024 ஏப்ரல் கடைசியில மேல்மலையில பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நாள்கணக்குல காடு எரிஞ்சப்ப, டூரிஸ்டுங்க போக முடியலைன்னு தான் செய்தியில பெருசா வந்துச்சு. அடுத்த மாசமே கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆச்சு. எத்தனை கார் ஏறுதுன்னு எண்ண ஆரம்பிச்சிருக்கோம், நல்லது. எவ்வளவு தண்ணி இறங்குதுன்னு எப்ப எண்ணப் போறோம்?

எங்க ஆபீஸ்ல ஒரு தடவை, 'இந்த மாட்யூலை யாரும் கூப்பிடறதே இல்லை, தேவையில்லாத கோடு'ன்னு ஒருத்தன் சுத்தமா அழிச்சுட்டான். மூணு மாசம் ஒண்ணும் ஆகலை. மார்ச் கடைசியில வருஷக் கணக்கு ஓட்டும்போது மொத்தமும் படுத்துடுச்சு. அழிச்சவன் வேற யாரும் இல்லை, நான் தான். மன்னவனூர் சேத்துல நின்னப்ப எனக்கு அந்த ராத்திரி தான் ஞாபகம் வந்துச்சு.

கிளம்பும்போது பாட்டி அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காப்பி கொடுத்தாங்க. வீட்டுக்குப் பின்னாடி கல்லு கட்டின சின்ன ஊத்து. "முன்னெல்லாம் சித்திரையிலயும் வழிஞ்சு ஓடும் தம்பி. இப்ப மாசியிலயே குனிஞ்சு மொள்ள வேண்டியிருக்கு"ன்னாங்க. நானும் குனிஞ்சு ஒரு சொம்பு மொண்டு குடிச்சேன். பல்லு கூசுற குளிர். வாங்கின ரெண்டு கிலோ பூண்டுக்கு ஒரு கை கூடவே போட்டாங்க.

அடுத்த தடவை சொந்தக்காரங்க வந்தா ஏரியில படகுச் சவாரி கிடையாது. நேரா மன்னவனூர் தான். ஷூவைக் கழட்டச் சொல்லிட்டு ஓரமா ஒரு கால் வைக்கச் சொல்லப் போறேன்.

டிஸ்கி: மேல்மலைக்காரங்க யாராவது இதைப் படிச்சா, உங்க ஊர்ல கடைசியா நெல் நட்டது எந்தப் பள்ளத்துலன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. அவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.